மல்லேஸ்வரத்தின் அண்டையில் எஞ்சிய போர்க்கால வானம்

1898ஆம் ஆண்டின் பிளேக் கொள்ளைநோயை அடுத்து, நெரிசல் மிகுந்த பழைய பேட்டைக்கு மாற்றாக மைசூர் அரசு வளர்த்தெடுத்த மல்லேஸ்வரம், பெங்களூருவின் அமைதியான குடியிருப்புப் பகுதி என்றே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. ஆயினும் அதன் வடக்கு விளிம்பில் இந்திய அறிவியல் கழகமும், அதற்கு அப்பால் இத்தாலியப் போர்க் கைதிகளின் முகாம் இருந்த ஜாலஹள்ளியும், பிரிட்டிஷ் அரச விமானப்படை பயன்படுத்திய எலஹங்காவும் அமைந்திருப்பதால், இரண்டாம் உலகப் போர் தென்னிந்தியாவில் விட்டுச்சென்ற தடயங்களை ஆராய்வதற்கு இப்பகுதி தகுந்த தொடக்கப்புள்ளியாகிறது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் வசமாகி, ஏப்ரல் தொடக்கத்தில் கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா, திருகோணமலை ஆகிய துறைமுக நகரங்கள் அடுத்தடுத்துக் குண்டுவீச்சுக்கு உள்ளானபோது, வங்காள விரிகுடாவைக் கண்காணிக்கவும் கடற்கரையைக் காக்கவும் தென்னிந்தியாவில் விமானத் தளங்கள் அவசரமாகத் தேவைப்பட்டன. சென்னைக்கு வடக்கே சோழவரம், நடுநாட்டில் உளுந்தூர்ப்பேட்டை, தெற்கே கயத்தாறு எனத் தமிழகத்தில் எஞ்சியுள்ள பழைய ஓடுபாதைகள் அக்காலத் தேவையின் சான்றுகளாகும்.

இத்தகைய தளங்களின் அமைப்பை அறிந்தவர்க்கே அவற்றின் சிதைவுகள் பொருள் தரும். வாலில் சிறு சக்கரம் கொண்ட அக்கால விமானங்கள் பக்கவாட்டுக் காற்றில் எளிதில் தடுமாறின என்பதால், வீசும் காற்றுக்கு எதிர்முகமாக இறங்கும் வண்ணம் பல தளங்களில் ஒன்றையொன்று வெட்டும் ஓடுபாதைகள் போடப்பட்டன. எதிரியின் ஒரே குண்டு பல விமானங்களை அழித்துவிடாதபடி, அவை ஓடுபாதையிலிருந்து விலகிய தனித்தனித் தரிப்பிடங்களில் நிறுத்தப்பட்டன. அவற்றுள் சிலவற்றைச் சுற்றிக் குதிரை லாட வடிவில் மண்கரை எழுப்பப்பட்டது. இன்று வயல்வெளியில் காரணமின்றி வளைந்து கிடப்பதாகத் தோன்றும் ஒரு மண்மேடு இப்பாதுகாப்புக் கரையின் எச்சமாக இருக்கக்கூடும்.

கடற்கரையிலிருந்து தொலைவில், மேட்டு நிலத்தில் இருந்த பெங்களூருவுக்கு வேறொரு பணி வாய்த்தது. வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபர் மைசூர் அரசின் துணையுடன் 1940 டிசம்பரில் தொடங்கிய ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, 1942இல் இந்திய அரசின் பொறுப்புக்கும், அடுத்த ஆண்டு அமெரிக்க இராணுவ விமானப்படையின் நிர்வாகத்துக்கும் மாறி, கிழக்குப் போர்முனை விமானங்களைப் பழுதுபார்க்கும் பெரும் பணிமனையாயிற்று. நீரில் இறங்கவல்ல கேட்டலினா படகு விமானங்கள் பழுதுபார்ப்புக்காகப் பெல்லந்தூர் ஏரியில் வந்திறங்கின. இதே காலத்தில், 1942 இறுதியில், இந்திய அறிவியல் கழகத்தில் வி. எம். காட்கே தலைமையில் விமானப் பொறியியல் துறை தோன்றியது. பணிமனையும் கல்விக்கூடமும் இவ்வாறு ஒரே நகரில் வேரூன்றியதே பின்னாளில் பெங்களூரு பெற்ற ஏற்றத்துக்கு அடித்தளமாகும்.

போர் முடிந்தபின், பெங்களூருவில் திரண்ட இந்தத் தொழில்நுட்ப அறிவின் மதிப்பு தெளிவாக வெளிப்பட்டது. கடன்–குத்தகைத் திட்டம் என்பது அமெரிக்கா தன் நட்பு நாடுகளுக்குப் போர்த் தளவாடங்களை வழங்கிய ஏற்பாடு. அதன்படி பெறப்பட்ட விமானங்கள் போருக்குப்பின் திருப்பித் தரப்பட வேண்டும் அல்லது பயனற்றவையாக்கப்பட வேண்டும். ஆகவே நான்கு எந்திரங்கள் கொண்ட லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைக் கான்பூரில் குவித்த பிரிட்டிஷ் படையினர், அவை மீண்டும் பறக்காதபடி சேதப்படுத்திவிட்டுச் சென்றனர். விடுதலை பெற்ற இந்தியாவுக்குக் கனரகக் குண்டுவீச்சு விமானங்கள் தேவைப்பட்டபோது, பெங்களூருத் தொழிற்சாலையினர் அச்சிதைவுகளைச் சோதித்து, ஒன்றின் உறுப்பை மற்றொன்றுக்குப் பொருத்திப் பறக்கும் அளவுக்குச் சீராக்கினர். பின்னர் அவை கான்பூரிலிருந்து பெங்களூருவுக்கு வான்வழியே கொண்டுவரப்பட்டு முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டன. 1948இல் உருவான இந்திய விமானப்படையின் ஐந்தாம் படையணி இவற்றைக் கொண்டே தொடங்கியது. 1968 வரை லிபரேட்டர்கள் இந்திய வானில் பறந்தன.

பிற தளங்கள் பலவற்றுக்கு இத்தகைய வாழ்வு கிட்டவில்லை. தமிழகத்தின் தாம்பரமும் சூலூரும் இந்திய விமானப்படைத் தளங்களாயின. சோழவரத்தின் ஓடுபாதை, இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் அமையும்வரை, பல்லாண்டுகள் மோட்டார் பந்தயக் களமாக விளங்கியது. கயத்தாறும் உளுந்தூர்ப்பேட்டையும் போர் முடிந்தபின் பயனின்றி விடப்பட்டன. கயத்தாற்றுக்கும் பெங்களூருவுக்கும் இடையிலான வேறுபாட்டை ஓடுபாதையின் உறுதியைக் கொண்டு விளக்க இயலாது. தச்சரும் பொருத்துநரும் பொறியாளரும் ஆசிரியரும் சூழ வாழ்ந்த தளம் அமைதிக் காலத்திலும் பயன்பட்டது. படைகளின் வருகையை மட்டுமே நம்பிய தளம், படைகள் விலகியதும் பொருளிழந்தது.

கோட்டைகளுக்கும் கோயில்களுக்கும் கிடைக்கும் தொல்லியல் கவனம் இத்தளங்களுக்கு இன்னும் கிட்டவில்லை. இவற்றின் ஓடுபாதைகளையும் மண்கரைகளையும் அளந்து வரைபடமாக்குவதும், கட்டுமானத்தில் உழைத்த சிற்றூர்களின் நினைவுகளைப் பதிவுசெய்வதும் இப்போதே செய்யத்தக்க பணிகளாகும். நிலத்தின் தேவை பெருகப் பெருக, பழைய ஓடுபாதை மீண்டும் விமானங்களுக்குத் திறக்கப்படலாம் அல்லது சாலைக்கும் மனைக்கும் இடமாகலாம்; எதுவாயினும், அந்த மாற்றத்துக்கு முன்னரே ஆவணம் உருவாக வேண்டும். தென்னிந்தியர் தம் ஊர்களிலேயே எதிர்கொண்ட உலகப் போரின் வரலாறு, அவ்வாறு தொகுக்கப்பட்டால்தான் முழுமை பெறும்.