சத்ருஞ்சயப் பாதயாத்திரை: கூட்டம் சங்கமான வரலாறு

சௌராஷ்டிர நாட்டில் பாலிதானா நகரை அடுத்து எழுந்து நிற்கும் சத்ருஞ்சய மலை, சமணப் பெருமக்கள் போற்றும் திருத்தலங்களுள் ஒன்றாகும். ஆதி பகவான் விருஷபதேவர் பலமுறை எழுந்தருளிய மலை என்று சுவேதாம்பர மரபு கூறும். தருமர், வீமர், அருச்சுனர் ஆகிய மூவரும் வீடுபேறு எய்திய சித்தக்ஷேத்திரம் என்று திகம்பர மரபு கூறும். இம்மலையை நோக்கிப் பல நூற்றாண்டுகளாக மக்கள் கால்நடையாகவே திரள் திரளாகச் சென்றுள்ளனர். அத்துணைப் பெருங்கூட்டம் ஊர் ஊராக நடந்து, உண்டு, உறங்கி, ஒருவரையொருவர் துன்புறுத்தாமல் மலையேறித் திரும்பியது எவ்வாறு என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இதற்கு விடை ‘சங்கம்’ என்னும் சொல்லிலேயே அடங்கியுள்ளது. முனிவர், ஆர்யிகையர், சிராவகர், சிராவகியர் என்னும் நால்வகையினரும் ஒருங்கே செல்வதே சங்கயாத்திரை. அதனை நடத்துபவர் சங்கபதி எனப்படுவார். அரசரிடம் அனுமதி பெறுதல், ஊர்களுக்கு அழைப்பு விடுத்தல், காவலரை அமர்த்துதல், உணவுக்கும் தங்குமிடத்திற்கும் வழி செய்தல் யாவும் அவர் பொறுப்பு. 13-ஆம் நூற்றாண்டில் வாகேலா அரசின் அமைச்சராக விளங்கிய வஸ்துபாலர் இத்தகைய சங்கங்களை நடத்திப் புகழ்பெற்றார். அரச புரோகிதராகிய சோமேசுவரர் தம் ‘கீர்த்திகௌமுதி’ காவியத்தில் அவருடைய யாத்திரையைப் பாடினார். உதயப்பிரப சூரி இயற்றிய ‘தர்மாப்யுதயம்’ என்னும் நூலுக்குச் ‘சங்கபதி சரிதம்’ என்றே மற்றொரு பெயர் உண்டு. போரில் வென்றவனைப் பாடுவது போலவே, மக்கள் திரளைத் தீங்கின்றி அழைத்துச் சென்று மீட்டவரையும் அக்காலப் புலவர் பாடினர்.

சங்கபதியின் பொருளும் காவலரின் வலிமையும் மட்டும் கூட்டத்தைக் காத்துவிடவில்லை. யாத்திரிகர் ஒவ்வொருவரும் ஆறு நோன்புகளை ஏற்றனர். பாதசாரி, ஏகாஹாரி, பூமிசந்தாரி, சசித்தபரிஹாரி, பிரம்மசாரி, சம்யக்த்வதாரி என அவை யாவும் ‘ரி’ என்னும் எழுத்தில் முடிவதால், குஜராத்தியில் ஆறு ‘ரி’ காக்கும் சங்கம் என்று வழங்குவர். நடந்தே செல்லல், ஒருவேளை உண்ணல், தரையில் படுத்தல், உயிருள்ள பொருளை உண்ணாது விலக்கல், புலனடக்கம், நற்காட்சியில் நிற்றல் என்பன அவற்றின் பொருள்.

இவை ஆன்ம நலனுக்காக வகுக்கப்பட்டவை. ஆயினும் இவற்றால் விளைந்த நடைமுறைப் பயனும் பெரிது. ஒருவேளை உணவு என்றால் அடுப்பு ஒருமுறை மூட்டினால் போதும். அனைவருக்கும் தரையே படுக்கை என்றால் கட்டிலுக்கும் இடத்திற்கும் போட்டி எழாது. அனைவரும் நடப்பதாயின் செல்வரின் வண்டி ஏழையின் தோளை இடித்துச் செல்லாது. தேவையைக் குறைத்ததனால் நெரிசலும் குறைந்தது.

மலையிலும் இவ்வொழுங்கே நிலவுகின்றது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளைக் கடந்து ஏறியவர் அந்தி சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். இரவில் மலைமீது எவரும் தங்குவதில்லை. மழைக்காலச் சாதுர்மாசத்தில் யாத்திரை நிறுத்தப்பட்டுக் கார்த்திகைப் பௌர்ணமியன்று மீண்டும் தொடங்கும். பங்குனி வளர்பிறைத் திரயோதசியில் பெருந்திரள் கூடும் ‘ஆறு காவு’ யாத்திரையில், ஒரு பக்கம் ஏறியவர் மறுபக்கம் ஆத்பூர்ச் சித்தவடத்தில் இறங்குவர். அங்குப் பல ஊர்ச் சங்கத்தார் பந்தலிட்டு உணவளிப்பர். ஏறுவோரும் இறங்குவோரும் ஒரே வழியில் மோதாதிருக்க இது உதவுகின்றது.

கூட்டத்தை ஆளும் மற்றொரு முறையையும் இம்மலை கண்டது. அஃது ஆட்சியாளர் யாத்திரிகரை எண்ணி வரி கொள்ளும் முறை. 1651-இல் சேட் சாந்திதாஸ் முதலியோருக்கும் பாலிதானாவின் கோகில் தலைவர்களுக்கும் காவல் உடன்பாடு ஏற்பட்டது. வழிக்காவலுக்கான கூலியே அப்போது பேசப்பட்டது. நாளடைவில் அதுவே வரியாயிற்று. 1821-இல் ஆண்டுக்கு 4,000 ரூபாய் என உறுதி செய்யப்பட்டது. 1863-இல் தலைக்கு 2 ரூபாய், அல்லது மொத்தமாக ஆண்டுக்கு 10,000 ரூபாய் என்றாயிற்று. பின்னர்த் தலையெண்ணி வசூலிக்கத் தொடங்கியபோது யாத்திரிகர் பெருந்தொல்லைக்கு உள்ளாயினர். நோன்பேற்று நடந்து வந்தவர், மலையடியில் எண்ணப்படும் பொருளாக நிற்க நேர்ந்தது. 1886-இல் ஆண்டுக்கு 15,000 ரூபாய் என 40 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் ஏற்பட்ட பின்னரே அத்தொல்லை நீங்கியது.

அக்காலம் 1926-இல் முடிவுற்றதும் பாலிதானா தர்பார் மீண்டும் உரிமை கோரியது. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் என்று பிரிட்டிஷ் அதிகாரி தீர்ப்பளித்தார். ஆனந்த்ஜி கல்யாண்ஜி பேடியும் சமண சமுதாயமும் இதனை ஏற்கவில்லை. கலகம் செய்யவுமில்லை. யாத்திரைக்கு எவரும் செல்வதில்லை என முடிவு செய்தனர். பெருந்திரள் ஏறிய படிகள் இரண்டாண்டுகள் வெறிச்சோடிக் கிடந்தன. முதியோர் பலருக்கு அதுவே இறுதி வாய்ப்பாக இருந்திருக்கும். ஆயினும் கட்டுப்பாடு குலையவில்லை. 1928-இல் வைசிராய் இர்வின் பிரபுவின் முன்னிலையில் சிம்லாவில் உடன்பாடு எட்டப்பட்டது. ஆண்டுக்கு 60,000 ரூபாய் என 35 ஆண்டுகளுக்கு முடிவாயிற்று; தலையெண்ணும் முறை திரும்பவில்லை. 1948-இல் பாலிதானா சௌராஷ்டிர அரசில் இணைந்தபின் அவ்வரியும் மறைந்தது.

ஒருங்கே நடக்கக் கற்ற சமுதாயமே ஒருங்கே நிற்கவும் வல்லதாயிற்று. இன்று பொன்னூர் மலைக்கும் சம்மேத சிகரத்திற்கும் நம் குடும்பங்கள் பேருந்திலும் இரயிலிலும் செல்கின்றன. பயணம் எளிதாயினும் திருவிழா நாளில் படிகள் அகலமாவதில்லை. முதியோருக்கு வழிவிட்டு, தேவையைச் சுருக்கி, நாவடக்கத்துடன் ஏறுவோர் சிலர் இருந்தாலும் அவர்களைச் சூழ்ந்த கூட்டம் சங்கமாகிவிடும். ஆறு நோன்புகள் விட்டுச்சென்ற செல்வம் அதுவே.