பதிவு

‘பதி’ என்னும் வினையோடு ‘வு’ சேர்ந்து பிறந்த பெயர் இது. அழுந்துதல், தங்குதல் இரண்டும் பதிதலின் பொருள்கள்: ஈர மண்ணில் கால் பதிகிறது, நெஞ்சில் சொல் பதிகிறது. ஏட்டில் பெயர் ஏற்றுவதற்கும் இச்சொல்லே வழங்குகிறது.

பிரிட்டனில் செவிலியரின் தொழில் இந்தப் பதிவில்தான் நிற்கிறது. 1919ஆம் ஆண்டுச் சட்டங்கள் பதிவேட்டுக்கு வழிசெய்தன. இன்று அதைப் பேணுவது செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் மன்றம். முதியவரை அடித்தார், பட்டினி போட்டார் என்று ஒருவர்மீது புகார் எழுந்தால், விசாரணை முடியுமுன்பே இடைக்காலத் தடை வரலாம். ஒரு தடவை விதித்தால் 18 மாதம் வரை நீளலாம். அது தண்டனை அன்று, காப்பு. தன் நோவை வாய்விட்டுச் சொல்ல முடியாத முதியவருக்கு அந்தக் காப்பு கட்டாயம் வேண்டும். ஆனால் புகாருக்கு உள்ளானவர் அப்போது குற்றவாளி அல்லர் என்பதும் அதே அளவு உண்மை.

குற்றவியல் நீதிமன்றம் விடுவித்த பிறகும் மன்றம் தனியே விசாரிக்கலாம். அங்கே ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. நடந்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்றால் போதும். எச்சரிக்கை, நிபந்தனை, ஓராண்டு வரை இடைநீக்கம் ஆகியவற்றுக்கெல்லாம் மேலானது பெயர் நீக்கம். நீக்கப்பட்டவர் மீண்டும் பதிவு கேட்க 5 ஆண்டு காத்திருக்க வேண்டும்.