பாட்டிலின் மேல் ஏறிய 14 இலக்கம்

கோலி சோடா பாட்டிலின் கழுத்துக்குள் ஒரு ரப்பர் வளையம் உண்டு. உள்ளே அடைபட்ட வாயு கோலியை மேலே தள்ளி அந்த வளையத்தோடு அழுத்திப் பிடிக்கும், மூடியே வேண்டாம். இங்கிலாந்தின் ஹிராம் காட் 1870களில் காப்புரிமை பெற்ற வடிவம் இது. அருமையான யோசனைதான். ஆனால் அந்த இடுங்கிய கழுத்தில் பிரஷ் சரியாக நுழையாது, வளையத்தின் இடுக்கில் தங்கும் அழுக்கு கண்ணுக்கும் தெரியாது. பாட்டிலை எந்தத் தண்ணீரில் கழுவினார்கள் என்பது பட்டறைக்காரருக்கே வெளிச்சம்.

அந்தப் பட்டறைக்குள் அரசு எட்டிப் பார்க்க வழிசெய்தது 1955ஆம் ஆண்டின் பழப் பொருட்கள் ஆணை. பெயரில்தான் பழம், பழச்சாறு ஒரு சொட்டும் சேராத இனிப்பு சோடாவும் அதில் அடக்கம். உரிமம் கட்டாயம். சன்னலுக்குக் கம்பிவலை, தானாகச் சாத்திக்கொள்ளும் ஸ்பிரிங் கதவு, வேலை செய்பவருக்குச் சுத்தமான மேலங்கி, தலையுறை என்று பார்த்துப் பார்த்து எழுதியிருந்தார்கள். தண்ணீரைப் பற்றியோ, குடிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும், தேவைப்பட்டால் ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும் என்பதோடு சரி. பூச்சிக்கொல்லி எவ்வளவு வரை இருக்கலாம் என்ற கணக்கு குளிர்பானத்துக்கு வகுக்கப்படவில்லை. கம்பிவலை ஈயைத் தடுக்கும். தண்ணீரோடு வரும் லிண்டேன் என்ற பூச்சிக்கொல்லியை என்ன செய்யும்?

அந்த ஓட்டை 2003 ஆகஸ்ட் 5 அன்று வெளிச்சத்துக்கு வந்தது. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், கடையில் வாங்கிய 12 வகைக் குளிர்பானங்களைச் சோதித்த முடிவை அன்று வெளியிட்டது. லிண்டேன், டிடிடி, மாலத்தியான், குளோர்பைரிபாஸ் ஆகியவற்றின் எச்சம் இருந்தது. நிலத்தடி நீர்தான் வழி என்றது மையம். நிறுவனங்கள் மறுத்தன. நாடாளுமன்றம் சரத் பவார் தலைமையில் கூட்டுக் குழு அமைத்தது. 2004 பிப்ரவரியில் வந்த அதன் அறிக்கை, மையத்தின் முடிவு சரி என்றது. குடிக்கும் பொருளுக்காக நாடாளுமன்றக் கூட்டுக் குழு அமைந்தது அதுவே முதல் முறை. ஒரு சிறிய ஆய்வகத்தின் பிடிவாதம் இவ்வளவு தூரம் போனதை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

2006இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் வந்தது. 1954ஆம் ஆண்டின் கலப்படத் தடுப்புச் சட்டமும், பழப் பொருட்கள் ஆணையும், இன்னும் சில ஆணைகளும் அதற்குள் ஒன்றாயின. விதிகள் நடைமுறைக்கு வந்தது 2011 ஆகஸ்ட் 5. டெல்லியில் அந்த முடிவு வெளியாகிச் சரியாக 8 ஆண்டு.

இன்று லேபிளில் காணும் 14 இலக்க எண் அந்தச் சட்டத்தின் பிள்ளை. 1இல் தொடங்கினால் உரிமம். 2இல் தொடங்கினால் சிறு தொழிலுக்கான பதிவு. தெருமுனையில் பன்னீர் சோடா வாங்கினாலும் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.