பேச்சுப் பிரெஞ்சும் பல்கலைக்கழகமும்

பிரெஞ்சு மொழியைப் பல்கலைக்கழகத்திற் கற்றுப் பட்டமும் பெற்றோர் உலகெங்கும் பலர் உளர். ஆயினும் பாரிஸ் நகரத்து ரயில் நிலையத்தில் இறங்கிப் பயணச்சீட்டு வாங்கவும், ரொட்டிக் கடையில் விலை கேட்கவும் நாத் தடுமாறியோர் அவர்களுள் ஒரு காலத்தில் மிகப் பலராக இருந்தனர். காரணம் வெளிப்படை. 19ஆம் நூற்றாண்டில் பல்கலைக்கழகங்கள் வாழும் மொழிகளைப் பாடமாக ஏற்றபோது, இலத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் வகுத்த முறையையே இவற்றுக்கும் வைத்தன. இலக்கண விதிகளை நெட்டுருச் செய்வதும், பேராசிரியர் சுட்டும் நூலை வரி வரியாக மொழிபெயர்ப்பதுமே கல்வியாயிற்று. வாய்க்கு அங்கே வேலை இல்லை.

இக்குறையை உணர்ந்தவருள் ஒருவர், முதலாம் உலகப் போரில் பணியாற்றி மீண்ட ரேமண்ட் கிர்க்பிரைட். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரான அவர், மூன்றாம் ஆண்டு மாணவரைப் பிரான்சு நாட்டுக்கே அழைத்துச் சென்று ஓராண்டு பயிற்றுவிக்கலாம் என்றார். தலைவர் வால்ட்டர் ஹல்லிஹன் அதற்கெனத் தனியார் கொடையைத் தேடித் திரட்டினார். 1923 ஜூலையில் எட்டு மாணவர் கப்பலேறினர். முதலில் நான்சி நகரத்தில் மொழிப் பயிற்சி. பின்பு பாரிசில் சோர்போன் வகுப்புகள். தங்குவதற்குப் பிரெஞ்சுக் குடும்பங்களின் இல்லங்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கப்பலேற இயலாதவர் என் செய்வது? இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவம் 55 பல்கலைக்கழகங்களின் துணையோடு தன் வீரர்க்குப் பேச்சு மொழி கற்பித்தது. சிறு குழுக்கள், தாய்மொழியாளர் ஒருவர், நாள்தோறும் பல மணி நேரப் பயிற்சி என்று வேலை நடந்தது. போர் என்னும் நெருக்கடி நேர்ந்தால்தான் பல்கலைக்கழகம் வாய் திறக்கும் போலும்!

எனினும் எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒரு கேள்வியை அதுவரை எவரும் முறையாகக் கேட்கவில்லை. பிரெஞ்சு மக்கள் உண்மையில் எந்தச் சொற்களைப் பேசுகிறார்கள்? அகராதியில் பல்லாயிரம் சொற்கள் கிடக்கின்றன. அவற்றுள் முதலில் கற்கவேண்டியவை எவை?

ஆங்கிலத்தில் ஆக்டன் என்பவர் 1930இல் 850 சொற்களைக் கொண்ட ‘பேசிக் இங்கிலீஷ்’ என்பதை வகுத்திருந்தார். அது மேசையருகே அமர்ந்து அறிவால் தேர்ந்த பட்டியல். பிரெஞ்சுக்காரர் வேறு வழியிற் சென்றனர். 1951இல் கல்வி அமைச்சு ஒரு குழுவை அமைத்தது. மொழி வரலாற்றறிஞர் ஜார்ஜ் குகென்ஹைம் அதன் தலைமகன். ரெனே மிஷேயா, போல் ரிவாங், ஒரேலியன் சொவஜோ ஆகியோர் துணை நின்றனர். இவருள் சொவஜோ, பாரிசின் கீழை மொழிப் பள்ளியில் ஹங்கேரி மொழி கற்பித்தவர். வேற்று மொழி கற்பித்துப் பழகியவருக்கே தம் மொழியின் மேடுபள்ளம் தெரியும் என்பது நம் எண்ணம்.

இவர்கள் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு மக்களிடம் சென்றனர். 163 உரையாடல்கள் பதிவாயின. பேசியோர் 275 பேர். எழுதி எண்ணிப் பார்த்தபோது 3,12,135 சொற்கள் தேறின. அவற்றுள் வெவ்வேறானவை 7,995. நாளெல்லாம் பேரேட்டில் கூட்டிக் கழிக்கும் எழுத்தர்களாகிய நமக்கு இவ்வேலையின் சுமை நன்கு விளங்கும்.

பயனாக ஒரு வியப்பு விளைந்தது. ‘இரு’, ‘உடையவனாயிரு’ என்னும் பொருளுடைய வினைகளும், சிறு இடைச்சொற்களும், ‘நான்’, ‘அவன்’ போன்றவையும் பட்டியலின் உச்சியில் திரண்டு நின்றன. ஆனால் பிரெஞ்சுக்காரர் ஒவ்வொருவரும் நாள் தவறாமற் கையில் எடுக்கும் முட்கரண்டியின் பெயர் மேலே காணப்படவில்லை. உடலுறுப்பு, ஆடை, தட்டுமுட்டு முதலியவற்றின் பெயர்கள் பலவற்றுக்கும் இதே கதிதான். எண்ணிக்கையை மட்டும் நம்பினால், உணவு மேசையில் அமரும் மாணவன் முட்கரண்டி கேட்க வாயற்றிருப்பான்.

மிஷேயா இதற்கு விடை கண்டார். முட்கரண்டியைப் பற்றிய பேச்சு எழுந்தாலொழிய அதன் பெயர் வாயில் வராது. ஆனால் எழுந்த கணமே ஆயத்தமாய் வந்து நிற்கும். இத்தகையவற்றை அவர் ‘கைவசச் சொற்கள்’ என்னும் பொருள்பட அழைத்தார். ரயில்வே கார்டின் பெட்டியில் அபாய வெடிகள் இருக்கின்றன. ஆண்டு முழுதும் அவை வெடிக்கப்படாமலே கழியலாம். அதற்காக அவற்றை வீட்டில் வைத்துவிட்டு வண்டியேற எந்தக் கார்டுக்கும் அனுமதி இல்லை. கைவசச் சொல்லின் இயல்பும் அஃதே. இவற்றைத் திரட்டப் பள்ளிச் சிறுவரை நாடினர். சமையற் பொருள், ஊர்தி, விலங்கு, தொழில் என்று 16 தலைப்புகள் கொடுத்து, ஒவ்வொன்றின் கீழும் முதலில் நினைவுக்கு வரும் 20 சொற்களை எழுதச் சொன்னார்கள். முட்கரண்டி தன் இடத்தைப் பெற்றது. இந்த முழு ஆராய்ச்சியிலும் நம்மை மிகவும் கவர்ந்த பகுதி இதுவே.

1954இல் ஏறக்குறைய 1,500 சொற்களோடு ‘தொடக்கப் பிரெஞ்சு’ வெளிவந்தது. இலக்கணமும் சுருங்கியது. இலக்கிய நடையில் மட்டும் வழங்கும் இறந்தகால வினைவடிவம் ஒன்றைப் பேச்சில் எவரும் ஆள்வதில்லை என்று கண்டு, அதை விலக்கிவிட்டனர். அதனையே பல ஆண்டு போதித்து வந்த பேராசிரியர்கள் முகஞ்சுளித்ததில் வியப்பில்லை.

எதிர்ப்பு வேறொரு பக்கமிருந்தும் வந்தது. 1955இல் மொழியறிஞர் மார்செல் கோயென் இதைக் கண்டித்து எழுதினார். பிரெஞ்சு ஒன்றியம் என்ற பெயரில் அன்று பாரிசின் ஆட்சிக்குட்பட்டிருந்த மக்களுக்காகவும் வகுக்கப்பட்ட திட்டம் இது. ஆள்வோர்க்கு நிறைந்த மொழியும் ஆளப்படுவோர்க்கு அளந்து கொடுத்த மொழியுமா என்ற ஐயம் இயல்பாகவே எழுந்தது. பட்டியல் வெளிவந்த அதே 1954இல், நவம்பர் 1ஆம் நாள், புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். குகென்ஹைம் குழுவினரோ, இது எல்லை அன்று, முதற்படியே என்றனர். 1959இல் ‘அடிப்படைப் பிரெஞ்சு’ என்று பெயரையும் மாற்றினர். கோயென் கேட்டது தேவையான கேள்வி. ஆயினும் படியை இடித்துவிட்டு மாடியைக் காட்டுவதால் கற்போர்க்கு என்ன பயன்?

பட்டியலைப் பாடமாக்கியதில் அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் பெரும்பங்கு உண்டு. சாக்ரெப் நகரத்துப் பேராசிரியர் பேதர் குபேரினா, காது கேளாதோர்க்குப் பேச்சுப் பயிற்சி அளிப்பதிலும் வல்லவர். அவரும் ரிவாங்கும் சேர்ந்து, திரையில் படம், ஒலிநாடாவில் உரையாடல், புத்தகம் பின்னர் என்னும் முறையை அமைத்தனர். பாரிஸ் நகரத்துக் குடும்பம் ஒன்றின் அன்றாட வாழ்வே பாடம். பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இது பரவியது. குறையும் தெரிந்தது. மனப்பாடமான உரையாடலைத் தாண்டி வேறு பேச நேர்ந்தால் மாணவர் திகைத்தனர். 1976இல் வெளியான ‘வாயில்நிலை’ என்னும் நூல், சொல்லை எண்ணுவதை விட்டு, வேண்டுதல், மறுத்தல், மன்னிப்புக் கேட்டல் எனப் பேசுவோன் செய்ய விரும்பும் செயல்களிலிருந்து தொடங்கிற்று.

தமிழகத்துக்கு வெளியே பிறந்து வளரும் நம் குழந்தைகளுக்கு மிஷேயாவின் சோதனையை ஒருமுறை வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு தாளின் தலையில் ‘சமையலறை’ என்று எழுதிக் கொடுத்து, 20 சொற்கள் கேட்போம். அகப்பையும் அரிவாள்மணையும் எத்தனை தாள்களில் வருகின்றன என்று அடுத்த ஆண்டு மலரில் எழுதலாம்.