சென்னை ராஜ்யம் சோதித்துப் பார்த்த சாசனம்

ஆண்டுதோறும் நவம்பர் 26-ஆம் தேதியன்று அலுவலகங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் எழுந்து நின்று அரசியலமைப்பின் முகவுரையை வாசிக்கும் வழக்கம் 2015 முதல் நம்மிடையே பரவியிருக்கிறது. 1949-இல் அதே தேதியில்தான், ஏறத்தாழ மூன்று ஆண்டுக் காலம் கூடிக் கூடி விவாதித்த அரசியல் நிர்ணய சபை, 395 ஷரத்துக்களும் 8 அட்டவணைகளும் கொண்ட அந்த மகா சாசனத்தை அங்கீகரித்தது. பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா கைப்பட எழுத, நந்தலால் போஸும் அவருடைய மாணாக்கர்களும் சித்திரம் தீட்டிய மூலப்பிரதி பாராளுமன்ற நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது, தரிசிக்கத் தக்கதுதான். ஆயினும், ஒரு சாசனத்தின் பெருமையை அது வைக்கப்பட்டிருக்கும் பேழையில் தேடுவதைக் காட்டிலும், அமலுக்கு வந்த புதிதில் அதை நம்பிக் கோர்ட்டுப் படியேறியவர்கள் யார், அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்பதே முறை என்பது என் கட்சி. அப்படிப் பார்க்கப் புகுந்தால், டில்லிக்கு முன்னால் சென்னை ராஜ்யந்தான் கண்ணில் படுகிறது.

சாசனத்தை இயற்றியதிலும் சென்னைக்குப் பங்கு உண்டு. டாக்டர் அம்பேத்கர் தலைமை வகித்த வரைவுக் குழுவில் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் கோபாலசாமி ஐயங்காரும் இருந்தார்கள்; பின்னால் டி. டி. கிருஷ்ணமாச்சாரியும் சேர்ந்தார். அங்கத்தினர் பலர் பல காரணங்களால் விலகி நிற்க, பாரமெல்லாம் அம்பேத்கர் தோளிலேயே விழுந்தது என்று 1948 நவம்பரில் சபையிலேயே எடுத்துச் சொன்னவர் அந்த டி. டி. கே.தான்.

1950 ஜனவரி 26-இல் சாசனம் அமலாயிற்று. அவ்வேளையில் கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ. கே. கோபாலன் சென்னை ராஜ்யச் சிறையில் இருந்தார். தடுப்புக் காவல் சட்டத்தை எதிர்த்து அவர் நேரே சுப்ரீம் கோர்ட்டுக்கு மனுச் செய்தார். தம்மைச் சிறைவைத்த காரணத்தைக் கைதியானவர் கோர்ட்டிலேகூட வெளியிடலாகாது என்று விதித்த, விசித்திரமான 14-ஆவது பிரிவை நீதிபதிகள் அந்த மே மாதத்தில் ரத்துச் செய்தார்கள். சட்டத்தின் மற்றப் பகுதி செல்லும் என்றும் பெரும்பான்மையோர் தீர்ப்பளித்தமையால், கோபாலனுக்கு விடுதலை கிடைக்கவில்லை. அதே மாதத்தில், பம்பாயில் ரொமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ வாரப் பத்திரிகை தன் எல்லைக்குள் வரலாகாது என்று சென்னை சர்க்கார் விதித்த தடையும் செல்லாது என்றாயிற்று. அத்தீர்ப்பை எழுதியவர் சென்னை ஹைக்கோர்ட்டிலிருந்து சென்ற பதஞ்சலி சாஸ்திரி என்பதை நம்மூர்க்காரர்கள் கொஞ்சம் பெருமையோடு நினைத்துக்கொண்டால் தவறில்லை.

இவ்விரண்டையும்விடப் பெரிய விளைவை உண்டாக்கியது செண்பகம் துரைராஜன் வழக்கு. நீதிக் கட்சிக் காலத்தில் பிறந்த வகுப்புவாரி உத்தரவின்படி, கல்லூரியில் ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ-இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவரும் சேர்ந்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பகுக்கப்பட்டு வந்தது. வைத்தியக் கல்லூரியில் தமக்கு இடம் கிடைக்காது என்று விசாரித்தறிந்த அம்மையார், விண்ணப்பமே போடாமல் ஹைக்கோர்ட்டுக்குப் போனார். எஞ்சினீயரிங் படிப்பு நாடிய இன்னொருவரும் மனுச் செய்தார். ஜாதியைக் காட்டி எவருக்கும் கல்லூரி அனுமதியை மறுக்கலாகாது என்ற 29-ஆவது ஷரத்தை ஆதாரமாக்கி, 1950 ஜூலையில் ஹைக்கோர்ட்டும் 1951 ஏப்ரல் 9-இல் சுப்ரீம் கோர்ட்டும் அந்த உத்தரவைத் தள்ளுபடி செய்தன. தலைமுறை தலைமுறையாகக் கல்வி மறுக்கப்பட்டிருந்த ஜனங்களுக்கு, சமத்துவத்தின் பெயராலேயே கதவு மறுபடியும் அடைபட்டது போலாயிற்று. பெரியார் கிளர்ச்சி நடத்தினார், தி. மு. கழகமும் போராடிற்று, ராஜ்யமே கொந்தளித்தது.

பலன், 1951 ஜூன் 18-ஆம் தேதி ஜனாதிபதியின் ஒப்புதல் பெற்ற முதலாவது திருத்தம். சமூகத்திலும் கல்வியிலும் பிற்பட்ட வகுப்பினருக்காக ராஜ்யங்கள் தனி ஏற்பாடு செய்யலாம் என்னும் 15(4) அதனால் வந்தது. நிலச் சீர்திருத்தச் சட்டங்களைக் காக்க 9-ஆவது அட்டவணையும் வந்தது. பேச்சுரிமையை வரையறுக்கும் காரணங்களுள் பொது ஒழுங்கு என்பதும் அதே திருத்தத்தில் புகுந்தது. கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற சொல்லும் கூடவே சேர்ந்தது ஓரளவு ஆறுதல். பொதுத்தேர்தலில் வந்திராத சபை சாசனத்தைத் திருத்தலாமா என்று சியாம பிரசாத் முகர்ஜி முதலியோர் கேட்டது நியாயமான கேள்வியே. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், 15(4) காலத்தால் செய்த நன்மை. பேச்சுரிமைத் திருத்தம் ஆத்திரத்தில் செய்த காரியம்.

கோபாலன் தோற்ற வழக்கில் சொல்லப்பட்ட குறுகிய வியாக்கியானம், 1978-இல் மேனகா காந்தி வழக்கின் தீர்ப்பு வரும்வரை தனிமனித சுதந்திரத்தை நெருக்கிக்கொண்டே இருந்தது. கோபாலனோ அத்தனை காலம் காத்திருக்கவில்லை. முதற் பொதுத்தேர்தலில் சென்னை ராஜ்யத்தின் மலபார்ப் பகுதியிலிருந்து வெற்றி பெற்று, 1952-இல் மக்கள் சபையின் எதிர்க்கட்சி வரிசையில் போய் அமர்ந்தார்.