கூடப் போன அயலவர்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

கரவெட்டியில் படிப்பிக்கும் நாங்கள் தவணைக்கு ஒருமுறை பெற்றார் கூட்டம் வைப்போம். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு கூட்டத்துக்கு, "அப்பாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று வகுப்பில் சொல்லிவிட்டோம். கூட்டத்தன்று ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை. அடுத்த நாள் தாய் வந்து வாசலில் நின்றார். "சேர், வீட்டில நான் மட்டும்தான். நான் வரலாமோ எண்டு தெரியேல்லை" என்றார்.

பிழை எங்களுடையது. அந்தத் தாய் எங்களிடம் உதவி எதுவும் கேட்கவில்லை. வரலாமா என்று மட்டும்தான் கேட்டார். அதன் பிறகுதான் இப்படியான வீடுகள் இங்கே எப்படி உருவாகின என்று தேடி வாசிக்கத் தொடங்கினோம்.

1987 மே 26ஆம் திகதி இலங்கை இராணுவம் வடமராட்சியில் "ஒப்பரேஷன் லிபரேஷன்" நடவடிக்கையைத் தொடங்கியது. ஊர் ஊராக இளைஞர்கள் பிடிக்கப்பட்டு, கப்பலில் ஏற்றப்பட்டு, காலிப் பக்கத்திலுள்ள பூசா முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதே வருடம் ஒக்டோபரில் இந்திய இராணுவத்துடனான சண்டை வந்தது. பிறகு 1990, 1995, கடைசியில் 2009. ஒவ்வொரு சுற்றிலும் சில வீடுகளில் ஆண்கள் இல்லாமல் போனார்கள். 2010இல் அப்போதைய பிரதி அமைச்சர் ஹிஸ்புல்லாஹ் சொன்ன கணக்கின்படி, வடக்கில் 40,000, கிழக்கில் 49,000 என மொத்தம் 89,000 பெண்கள் போரினால் கணவரை இழந்திருந்தார்கள். அலுவலகங்களில் "பெண் தலைமைத்துவக் குடும்பம்" என்று எழுதுவார்கள். வீட்டில் அவர் அம்மா மட்டும்தான்.

சட்டமும் இவர்களுக்கு இலேசாக இருக்கவில்லை. ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்டது தேசவழமை. அதன் தொடர்ச்சியாக 1911இல் வந்த கட்டளைச் சட்டத்தின்படி, திருமணமான பெண் தன் சீதன வீட்டையோ காணியையோ விற்கவும் ஈடு வைக்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் இறந்துவிட்டால் அந்தச் சம்மதம் தேவையில்லை. விட்டுவிட்டுப் போயிருந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி பெறலாம். ஆனால் கணவன் காணாமல் போயிருந்தால்? மரணச் சான்றிதழ் எடுப்பதென்றால், அவர் செத்துவிட்டார் என்று மனைவியே கையெழுத்து வைக்க வேண்டும். தேடிக்கொண்டிருக்கும் பெண் அதை எப்படிச் செய்வார்? மரணச் சான்றிதழுக்குப் பதிலாக "காணாமற்போனமைக்கான சான்றிதழ்" பெறலாம் என்று சட்டம் வந்தது 2016இல்தான். அதுவரை இவர்கள் விதவையும் இல்லை, மனைவியும் இல்லை என்ற நிலையில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். பெரும்பாலும் தனியாக.

தனியாக என்று சொல்லும்போதுதான் பக்கத்துத் தென்மராட்சியின் கைதடி நினைவுக்கு வருகிறது.

1996 செப்டெம்பர் 7. சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி உயர்தர இரசாயனவியல் பரீட்சை எழுதிவிட்டு சைக்கிளில் வீடு திரும்பும்போது செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டார். தாய் இராசம்மா கணவரை இழந்தவர், ஆசிரியத் தொழிலில் இருந்தவர். செய்தி கிடைத்ததும் மகளைத் தேடிப் புறப்பட்டார். மகன் பிரணவன் கூடப் போனார். அயலவர் கிருபாமூர்த்தியும் போனார். நான்கு பேரில் ஒருவரும் திரும்பி வரவில்லை. பல நாட்களுக்குப் பிறகு அவர்களின் உடல்கள் செம்மணியில் தோண்டி எடுக்கப்பட்டன. 1998 ஜூலையில் கொழும்பு மேல் நீதிமன்றம் குற்றவாளிகளாகக் கண்ட படையினருக்கு மரண தண்டனை விதித்தது. அந்த வழக்கில் சொல்லப்பட்ட வாக்குமூலத்தால்தான் செம்மணிப் புதைகுழி வெளியே தெரிய வந்தது.

இந்தக் கதையைச் சொல்லும்போது கிருபாமூர்த்தியை "அயலவர் ஒருவரும்" என்று ஒரே சொல்லில் கடந்து போய்விடுகிறோம். கொஞ்சம் நின்று யோசிப்போம். அந்தக் காலத்தில் சோதனைச் சாவடிக்குப் போய் "பிள்ளை எங்கே" என்று கேட்பது எவ்வளவு பயமான காரியம் என்று யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. "நாளைக்குப் பாப்பம் ரீச்சர்" என்று அவர் சொல்லியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கூடப் போனார். தனித்த தாய்க்குக் காட்டும் அன்பு எது என்று யாராவது எங்களிடம் கேட்டால், இதைத்தான் காட்டுவோம்.

எங்கள் மார்க்கத்திலும் இதற்கு ஒரு நினைவு இருக்கிறது. பாலைவனத்தில் கைக்குழந்தையுடன் தனியாக நின்ற அன்னை ஹாஜரா, தண்ணீர் தேடி ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் ஏழு தடவை ஓடினார். இன்றைக்கும் ஹஜ்ஜுக்குப் போகும் ஒவ்வொருவரும் அந்தத் தாய் ஓடிய வழியில் நடக்கிறார்கள். ஆனால் ஊருக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டுத் தாயை மறந்துவிடுகிறோம். இத்தா நான்கு மாதமும் பத்து நாளும்தான். அதன் பிறகும் அவரை மூலையில் வைப்பது மார்க்கம் சொன்னதல்ல, நாங்கள் பழகிக்கொண்டது. இந்துச் சகோதரர்களின் கல்யாண வீடுகளில் அவரை முன்னுக்கு வரவிடாமல் நிறுத்துவதும் அப்படித்தான்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு மணி நேரத்தில் வெளியேற்றப்பட்ட வடக்கு முஸ்லிம்கள் நாங்கள். புத்தளத்தில் எங்களோடு பதிவுக்கும் பங்கீட்டுக்கும் அலைந்து திரிந்தவர்களின் முகம் இன்னும் மறக்கவில்லை. யார் என்ன தந்தார்கள் என்பது பாதி மறந்துவிட்டது.

அதனால் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பிரதேச செயலகத்துக்குப் போகும் தாயுடன் ஒரு நாள் கூடப் போங்கள். நுண்கடன்காரர் வாசலில் வந்து நின்றால் நீங்களும் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓட்டோவில் கணவனும் மனைவியுமாக ஏறுங்கள். ஊர் கதை கட்டவும் இடம் இருக்காது. ஆசிரியர்களே, "அப்பாவைக் கூட்டி வா" என்பதை விட்டு "வீட்டிலிருந்து ஒருவர் வாருங்கள்" என்று சொல்லுங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் சொல்கிறோம். அந்தத் தாய் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வருகிறார், முன் வரிசையில் இருக்கிறார்.

உங்கள் ஊரிலும் ஒரு தாயோடு கூடப் போன மனிதர்கள் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றிக் கீழே எழுதுங்கள். எங்கள் பிள்ளைகள் வாசிக்கட்டும்.