ஓசூர்க்காரன் சொல்கிறேன்

நடுவர் அவர்களே! 'உரிமை கேட்டால் அமைதி கெடும்' என்று எதிரணி நண்பர் முழங்கினார். நான் ஓசூர்க்காரன், கொஞ்சம் சொல்ல விடுங்க.

1991 ஜூனில் காவிரி நடுவர் மன்றம், ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் தமிழ்நாட்டுக்கு வரவேண்டும் என்று இடைக்கால ஆணை போட்டது. டிசம்பரில் அது அரசிதழில் வந்ததும் பெங்களூரில் கலவரம். தமிழர் வீடுகள் எரிந்தன. பிள்ளை இடுப்பிலே, மூட்டை தலையிலேன்னு சனங்க அத்திப்பள்ளி தாண்டி ஓசூருக்கு ஓடி வந்தாங்க. பலரும் கூலி வேலைக்காரங்கய்யா! தனி நாடா கேட்டாங்க? பழைய வேலைக்குத் திரும்பணும், தமிழ் பேசினா அடி விழக்கூடாது. இந்த உரிமையால எந்த அமைதி கெட்டது?

2016 செப்டம்பரிலும் அங்கே பஸ்கள் எரிய, அதே சாலையில் அதே நடை. அப்போ தமிழ்நாட்டிலேயும் கர்நாடகக்காரங்க மேல கை வச்சோமே, அது எந்த நியாயம்?

1956-ல் மொழிவாரி மாநிலம் அமைந்தபோது ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்கரும் கன்னடரும் இந்தப் பக்கம்; கோலார் தங்கவயல் தமிழர் அந்தப் பக்கம். அங்கே தமிழனுக்குக் கேட்பதை இங்கே அவர்களுக்குத் தர வேண்டாமா?

மணி அடிச்சுட்டீங்க... ஒரே வரி. எங்க ஊர் சந்தையில தக்காளி விக்கிற அம்மா மூணு மொழியில விலை சொல்லும். எந்த மொழியில கேட்டாலும் அஞ்சு பைசா குறைக்காது!